பிள்ளை திரும்பவில்லை என்றால்

(ராமநாதபுரத்தில் தாய்மார்களும் கிராம சுகாதார செவிலியர்களும் மருத்துவ மாணவர்களும் கூடிய அவையில், மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் காலால் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கூச்சப்படாமல் கையைத் தூக்கலாம். பின்வரிசையில் ஒரு கை தெரிகிறது. நல்லது. கூட்டம் முடிந்ததும் உங்களுக்கு வேலை இருக்கிறது. இந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

சிரிக்கிறவர்களுக்கு விஷயம் தெரியும். தெரியாத இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன். இடுப்பு பிடித்தால் காலால் பிறந்தவரைத் தேடிப் போய் முதுகை மெல்ல மிதித்துவிடச் சொல்வது தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கிற வழக்கம். பிடிப்பு விடுகிறதோ இல்லையோ, மிதிக்கிறவருக்கு ஊரில் ஒரு மரியாதை. அந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் உண்டு. வீட்டிலேயே பிரசவம் நடந்த காலத்தில் காலோ பிட்டமோ முன்னால் வந்த பிள்ளைகளில் பலர் பிழைக்கவில்லை. தப்பிப் பிழைத்தவரிடம் ஏதோ இருக்கிறது என்று ஊர் நினைத்திருக்கும்.

இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சிசேரியனில் பிறக்கிறார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை, நானே எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். என் வழக்கு வேறு. சிசேரியனுக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால், "வயிற்றுக்கு வெளியிலிருந்தே பிள்ளையைத் திருப்பிப் பார்க்கலாமா, உனக்குச் சம்மதமா?" என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்கிற வாரம் என்று ஒன்று இருக்கிறது. அந்த வாரத்தை நாம் கோட்டை விட்டுக்கொண்டிருக்கிறோம். மருத்துவர்களும் விடுகிறோம், குடும்பங்களும் விடுகின்றன.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைப்போம். ஏழாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் "ப்ரீச்", அதாவது பிட்டமோ காலோ கீழே, என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வருகிற பெண்கள் நிறையப் பேர். 28-ஆவது வாரத்தில் 100 பிள்ளைகளில் 20, 25 பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும். உள்ளே இடம் தாராளம், புரண்டுகொண்டே இருக்கும். நாள் ஆக ஆக இடம் குறையும், தலை கனக்கும், பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே தலையைக் கீழே கொண்டுவந்துவிடும். பிரசவ நாள் நெருங்கும்போது திரும்பாமல் நிற்பவை 100-க்கு 3 அல்லது 4. ஆகவே ஏழாம் மாதத்தில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. 36-ஆவது வாரத்திலும் திரும்பாமல் இருந்தால்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஏன் திரும்பவில்லை? பல பேருக்குக் காரணமே கிடைக்காது. சிலருக்குக் கர்ப்பப்பையின் வடிவம், சிலருக்கு நார்க்கட்டி, சிலருக்கு நஞ்சு (ப்ளசென்டா) கீழே இறங்கி வழியை அடைத்திருப்பது, பனிக்குட நீர் கூடியோ குறைந்தோ இருப்பது, இரட்டைப் பிள்ளை. மாமியார் சொல்கிற காரணம், அதாவது மருமகள் ஒருக்களித்துப் படுக்கவில்லை, குனிந்து வாசல் கூட்டவில்லை என்பது, இந்தப் பட்டியலில் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை திரும்பாததற்கு அந்தப் பெண் செய்ததோ செய்யாததோ காரணம் ஆகாது.

திரும்பாத பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பதும் இல்லை. கடைசி மாதத்தில் அதிகம் பார்ப்பது, பிட்டம் கீழே இருக்க, இரண்டு கால்களும் முகத்துக்கு நேராக நீட்டியபடி மடங்கியிருக்கும் நிலை. சில பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். சிலவற்றுக்கு ஒரு கால் கீழே தொங்கும். அதுதான் கவலைக்குரியது. பனிக்குடம் உடைந்தால் கால் இருக்கிற சந்து வழியாகத் தொப்புள்கொடி நழுவி வெளியே வந்துவிடும். கால் நீட்டிய நிலையில் கொடி நழுவுவது 200-ல் ஒருவருக்கு. கால் முன்னால் வரும் நிலையில் பாடப்புத்தகக் கணக்கு ஏறக்குறைய 100-க்கு 15.

தலை கடைசியில் வருவதில் என்ன ஆபத்து? பிள்ளையின் உடம்பில் பெரியது தலை. அது முதலில் வந்தால், பல மணி நேர வலியில் மெல்ல மெல்ல வடிவம் மாறி, வழியைத் தானே அகலப்படுத்திக்கொண்டு வரும். பின்னால் வருகிற உடம்புக்குப் பிரச்சினை இல்லை. பிட்டம் முதலில் வந்தால், உடம்பு வெளியே, தலை உள்ளே, நடுவில் கொடி நசுங்குகிறது. தலைக்கு வடிவம் மாற மணிக்கணக்கு கிடையாது, சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தில் பதறாத கை வேண்டும். நம் முந்தைய தலைமுறை மருத்துவர்களிடம் அந்தக் கை இருந்தது. எழும்பூர் மருத்துவமனையின் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரும் எம்.கே. கிருஷ்ண மேனனும் எழுதிய மகப்பேற்றியல் புத்தகத்தைக் கரைத்துக் குடித்து, பிரசவ அறையில் மூத்தவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்.

அந்தக் கைகள் எங்கே போயின? 2000-ஆம் ஆண்டில் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மேரி ஹன்னா என்ற கனடிய மருத்துவரின் தலைமையில் 26 நாடுகளில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்தது. பிள்ளை இறப்பதும் கடுமையாகப் பாதிக்கப்படுவதும் சேர்த்துப் பார்த்தால், திட்டமிட்ட சிசேரியனில் 1.6 சதவீதம், திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் 5 சதவீதம். உலகம் முழுக்கக் கத்தி பக்கம் சாய்ந்தது. நெதர்லாந்தில் ஓரிரு மாதங்களுக்குள் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சிசேரியன் 50 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக ஏறியது. பிறகு 2004-இல், அதே ஆய்வில் பிறந்த பிள்ளைகளை இரண்டு வயதில் பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2006-இல் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் எட்டாயிரம் பெண்களைக் கவனித்த இன்னொரு ஆய்வு, கவனமாகத் தேர்ந்தெடுத்து, பழகிய கையோடு செய்தால் சுகப்பிரசவமும் ஆகும் என்றது. அதற்குள் ஒரு தலைமுறை மருத்துவர்கள் பிட்டம் முன்வரும் பிரசவத்தைக் கண்ணால் பார்க்காமலே படித்து முடித்துவிட்டார்கள். பழக்கம் விட்டுப்போன கையிடம் போய் "எனக்குச் சுகப்பிரசவமே பாருங்கள்" என்று கேட்பது விவேகம் ஆகாது. நான் அதைச் சிபாரிசு செய்ய வரவில்லை.

மிச்சம் இருப்பது மூன்றாவது வழி. பிரசவத்துக்கு முன்பே பிள்ளையைத் தலைகீழாகத் திருப்பிவிடுவது. திரும்பிவிட்டால் மற்ற எல்லாரையும் போல வலி வந்து பெற்றுக்கொள்ளலாம்.

இது புதுசு கிடையாது. சுஸ்ருத சம்ஹிதை, வழியில் சிக்கிக்கொள்ளும் கருவைப் பற்றி மூடகர்ப்பம் என்ற தலைப்பில் தனியாகவே பேசுகிறது. ஐரோப்பாவில் வயிற்றின் மேல் கை வைத்துத் திருப்பும் முறையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீகாண்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்தார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் அதைத் தூக்கிப் பிடித்தவர் அடோல்ஃப் பினார்ட். செவிலியர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். நீங்கள் வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்திக் கேட்கிற அந்தக் கூம்புக் குழாய் அவருடையதுதான். நடுவில் இந்த முறைக்குக் கெட்ட பெயரும் வந்தது. 32, 33 வாரத்திலேயே திருப்பினார்கள், சில இடங்களில் மயக்க மருந்து கொடுத்துத் திருப்பினார்கள். சீக்கிரம் திருப்பிய பிள்ளை மறுபடி பழையபடி புரண்டது. மயக்கத்தில் இருக்கிற பெண் வலிக்கிறது என்று சொல்ல மாட்டாள், திருப்புகிற கை எல்லை மீறிவிடும். பிள்ளைகள் இறந்தன, கைவிட்டார்கள். 1980-களில் ஸ்கேனும் இதயத்துடிப்புக் கருவியும் கைக்கு வந்த பிறகு, நாள் நெருங்கியபின், பெண் விழித்திருக்கும்போதே செய்வது என்று திரும்பி வந்தது. இன்றைக்கு உலகச் சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் அரச மகப்பேறு மருத்துவர் கல்லூரி, முதல் பிரசவமானால் 36-ஆவது வாரத்திலிருந்தும், மற்றவர்களுக்கு 37-ஆவது வாரத்திலிருந்தும் இதைச் செய்துகொள்ளலாம் என்று எடுத்துச் சொல்லும்படி தன் மருத்துவர்களை அறிவுறுத்துகிறது.

என்னதான் செய்கிறார்கள்? பாம்பனில் சின்னப்பாலம் பக்கத்துப் பெண் ஒருத்தியைச் சொல்கிறேன். மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறவள். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து எடுக்கிற வேலை. பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிச் சுற்றி, அந்தத் தடம் விரல்களில் அப்படியே இருந்தது. இரண்டாவது பிள்ளை, 37 வாரம், பிட்டம் கீழே. "வகுத்தைக் கிழிச்சா நான் எப்ப டாக்டரம்மா கடல்ல எறங்குறது?" இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. நியாயமான கேள்வி.

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னோம். ஸ்கேனில் நஞ்சு எங்கே, தண்ணீர் எவ்வளவு, தலை எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டோம். அரை மணி நேரம் பிள்ளையின் இதயத்துடிப்பைக் காகிதத்தில் ஓடவிட்டோம். அறுவை அரங்கில் ஆள் இருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டோம். கர்ப்பப்பையைத் தளர்த்த டெர்பூட்டலின் ஊசி, 250 மைக்ரோகிராம், தோலுக்கடியில். ஊசி ஏறியதும் நெஞ்சு படபடக்கும், கை லேசாக நடுங்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ விபரீதம் என்று பயந்துவிடுவார்கள். கட்டிலின் கால்மாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, அவளை லேசாக இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, வயிற்றில் ஸ்கேன் ஜெல்லைத் தடவினோம்.

முதல் வேலை பிட்டத்தை இடுப்பு எலும்பிலிருந்து மேலே கிளப்புவது. அடிவயிற்றில் இரண்டு கை விரல்களையும் உள்ளே செலுத்தி, பிட்டத்துக்குக் கீழே பிடித்து, மேலும் ஒரு பக்கமுமாகத் தள்ள வேண்டும். அது கிளம்பிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அடுத்த கை தலையின் மேல். ஒரு கை பிட்டத்தை மேலே ஏற்ற, மறு கை தலையைக் கீழே வழிநடத்த, பிள்ளை முன்பக்கமாக ஒரு குட்டிக்கரணம் போட வேண்டும். இழுப்பதோ திருகுவதோ கிடையாது, தொடர்ச்சியான அழுத்தம்தான். நடுவில் நிறுத்தி நிறுத்தி இதயத்துடிப்பைப் பார்க்கிறோம். கொஞ்ச நேரம் துடிப்பு குறைந்து மறுபடி ஏறுவது சகஜம், ஏறாமல் நின்றால் அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். முன்பக்கம் வராவிட்டால் பின்பக்கமாக ஒரு முறை முயன்று பார்க்கலாம். எல்லாம் சேர்த்துச் சில நிமிடங்கள். வலிக்குமா என்றால், வலிக்கும். சிலருக்கு இறுக்கமாக மட்டும் இருக்கும், சிலருக்குத் தாங்காது. "போதும்" என்று அவள் சொன்னால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். பாதி வழியில் தலை விலாப்பக்கம் வந்து நின்றது. அப்புறம் வயிற்றின் வடிவமே மாறி, ஒரு பெரிய அலை மாதிரி புரண்டது. அவள் கண்ணை மூடி மூச்சைப் பிடித்திருந்தாள், முங்குகிற பழக்கம். "முடிஞ்சிருச்சு, மூச்சு விடு" என்று செவிலியர்தான் சொன்னார். மறுபடி அரை மணி நேரம் இதயத்துடிப்பு பார்த்து, அன்று மாலையே அனுப்பினோம்.

இது வெற்றி பெற்ற கதை, அதனால் சொல்ல நன்றாக இருக்கிறது. கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் பிரசவக்காரர்களில் 100-க்கு 40 பேருக்குத் திரும்பும். ஏற்கெனவே பெற்றவர்களில் 60 பேருக்குத் திரும்பும். ஒன்றுமே செய்யாமல் விட்டால் முதல் பிரசவக்காரர்களில் 36 வாரத்துக்குப் பிறகு தானாகத் திரும்புவது 8 பேருக்குத்தான். திருப்பிய பிறகு பழைய நிலைக்கே போய்விடுவதும் உண்டு, அது மிகச் சிலருக்கு. திருப்பும் முயற்சியால் உடனே சிசேரியனுக்குக் கொண்டுபோக வேண்டியிருப்பது 200-ல் ஒருவர். அந்த ஒருவருக்காகத்தான் அறுவை அரங்கு பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். திரும்பிய பிள்ளைகளின் தாய்மார்களிலும், முதலிலிருந்தே தலை கீழே இருந்தவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் பேருக்கு வலி வந்தபின் சிசேரியன் தேவைப்படும். இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

பிள்ளையின் உயிரை வைத்துப் பார்த்தால்? அதே பிரிட்டன் கல்லூரியின் கணக்குப்படி, 39 வாரத்துக்குப் பின் திட்டமிட்ட சிசேரியனில் 1000-க்கு 0.5 மரணம். தலை முன்வரும் சுகப்பிரசவத்தில் 1000-க்கு 1. பிட்டம் முன்வரும் சுகப்பிரசவத்தில் 1000-க்கு 2. இந்தப் பிள்ளைக்கு மட்டும் என்றால் சிசேரியன் கொஞ்சம் பாதுகாப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த பிள்ளைக்கும் அதற்கடுத்த பிள்ளைக்கும் அந்தத் தழும்போடுதான் கர்ப்பப்பை காத்திருக்கும். அடுத்த முறை நஞ்சு தழும்பின் மேல் ஒட்டிக்கொண்டு பிரியாமல் போகலாம், வலியில் தழும்பு விரியலாம். ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு இந்தக் கணக்கு லேசு. மூன்று நான்கு பிள்ளை வேண்டும் என்கிற வீட்டில், அந்த முதல் கத்தி எளிதான முடிவு கிடையாது.

தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 34.1. இந்தியா முழுக்க 21.5 சதவீதம்தான். நம்முடைய தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8. இதில் பிட்டம் முன்வரும் பிள்ளைகளின் பங்கு சிறியதுதான். ஆனால் முதல் சிசேரியனைத் தவிர்த்தால் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து தவிர்க்கப்படுகிறது. அதனால்தான் இந்தச் சிறிய பங்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன்.

யாருக்குத் திருப்பக் கூடாது? நஞ்சு வழியை அடைத்திருந்தால், அண்மையில் ரத்தம் கண்டிருந்தால், பனிக்குடம் உடைந்துவிட்டால், இரட்டைப் பிள்ளையானால், இதயத்துடிப்பு ஏற்கெனவே சரியில்லை என்றால், வேறு காரணத்துக்காக எப்படியும் சிசேரியன்தான் என்றால், கூடாது. பிள்ளை வளர்ச்சி குன்றியிருந்தாலோ தண்ணீர் மிகக் குறைந்திருந்தாலோ யோசிக்க வேண்டும். முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு முற்றிலும் மறுப்பு இல்லை, அனுபவமுள்ளவர் பார்த்து முடிவு செய்யலாம். ரத்தப் பிரிவு நெகட்டிவ் ஆனவர்களுக்குத் திருப்பிய பிறகு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த இடத்தில் யாராவது எழுந்து, "எங்க அப்பத்தா காலத்துல மருத்துவச்சி விளக்கெண்ணெய் தடவி நீவியே திருப்பிருவாங்களே" என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். நான் அந்தக் கிழவிகளை இளக்காரமாகப் பேச மாட்டேன். இருட்டில், கைவிளக்கில், தொட்டே தலை எது பிட்டம் எது என்று சொன்ன விரல்கள் அவை. கடினமாக, உருண்டையாக, தட்டினால் ஆடுவது தலை என்று இன்று மாணவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பதும் அதே பாடம். ஆனால் நஞ்சு எங்கே இருக்கிறது என்பது விரலுக்குத் தெரியாது. நீவும்போது நஞ்சு பிரிந்து உள்ளே ரத்தம் கசிந்தால் தெரியாது. பிள்ளையின் இதயம் தடுமாறினால் தெரியாது. தெரிந்தாலும் செய்ய ஒன்றுமில்லை. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் வர 55 கிலோமீட்டர். தீவுக்குச் சாலைப் பாலம் வந்ததே 1988-இல்தான். அதற்கு முன்னால் வலி எடுத்த பெண்ணுக்கு ரயில்தான் வழி, காற்று மிஞ்சினால் ரயிலும் நிற்கும். வேறு போக்கிடம் இல்லாத காலத்தில் மருத்துவச்சி செய்தது அவளுடைய தர்மம். இன்று 108 வருகிறது, 2022-இலிருந்து இங்கேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இன்றைக்கு வீட்டில் நீவித் திருப்புவது வீண் ஆபத்து.

தீவில் உள்ள சின்ன மருத்துவமனைகளிலும் இதைச் செய்யக் கூடாது என்பதே என் கருத்து. அரங்கு, மயக்க மருத்துவர், ரத்தம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடத்துக்கு வாருங்கள். வந்து, திருப்புகிறவரிடம் "நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள். பழக்கமில்லை என்று நேர்மையாகச் சொல்லி வேறிடம் அனுப்புகிறவரைக் கும்பிடுங்கள்.

இனி, நான் முதலில் சொன்ன அந்த வாரம். முதல் பிள்ளைக்கு வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வண்டி ஏறுகிறாள். ஒன்பதாம் மாதம் என்றால் சரியாக அந்த 34, 35, 36 வாரம். அதுவரை கமுதியில் பார்த்த மருத்துவர் ஒருவர், இனிமேல் தங்கச்சிமடத்தில் பார்க்கப்போகிறவர் இன்னொருவர். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் மாமியார் வீட்டுப் பீரோவில் இருக்கும். புது இடத்தில் பதிந்து, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணைத் தேடி, அடுத்த ஸ்கேன் எடுப்பதற்குள் 38 வாரம் ஆகிவிடும். மருத்துவர் பார்க்கிறார், பிட்டம் கீழே, நாள் இல்லை, "அடுத்த வாரம் சிசேரியன் வச்சுக்கலாம்" என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. கீழக்கரைப் பக்கம் பல குடும்பங்களில் கல்யாணம் ஆனாலும் பெண் உம்மா வீட்டிலேயே இருக்கிறாள், அங்கே இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள். சீர்வரிசைத் தட்டுகளோடு ஸ்கேன் ரிப்போர்ட்டையும் தாய் சேய் நலப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். செவிலியர்களே, 36-ஆவது வாரத்தில் வயிற்றைத் தொட்டுப் பார்த்துத் தலை எங்கே என்று எழுதாமல் யாரையும் ஊர் மாற விடாதீர்கள்.

இன்னொரு தாமதம் நம் கடற்கரைக்கே உரியது. "வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கார், வந்ததும் கேட்டுச் சொல்றேன்." விசைப்படகு மறுநாள் காலை கரைக்கு வந்துவிடும் என்றால் காத்திருக்கலாம். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டால்? அந்த நிலையில் மாமனார் மாமியாரைக் கூட்டி வைத்து, அவர்கள் ஜோசியரைக் கேட்டு, சித்திரையில் பிறக்கக் கூடாது, இன்ன நட்சத்திரத்தில் பிறக்க வேண்டும் என்று நாழிகை குறித்துக்கொண்டு வருவார்கள். சிசேரியனுக்கு நாள் குறிப்பதில் இருக்கிற வசதியை நம் ஆட்கள் நன்றாகவே கண்டுகொண்டார்கள். நான் சொல்வது இதுதான். வயது வந்த பெண்ணின் உடம்புக்கு அவள் கையெழுத்து போதும், சட்டமும் அதைத்தான் கேட்கிறது. கணவரிடம் பேசட்டும், அம்மாவிடம் பேசட்டும், நல்லது. ஆனால் கடலிலிருந்து ஆள் வரவில்லை என்பதால் 37 வாரம் 39 ஆகக் கூடாது.

திருப்ப வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தி, முதல் பிள்ளை, அதற்கு முன்பு இரண்டு முறை கரு கலைந்தவள். எல்லாம் கேட்டுக்கொண்டாள். 40 பேருக்குத் திரும்பும், 200-ல் ஒருவருக்கு அவசரம் என்று நான் சொன்னதும், "அந்த ஒண்ணு நானா இருந்தா என்ன டாக்டரம்மா செய்வேன்?" என்றாள். அதற்குமேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. 39 வாரத்தில் சிசேரியன் செய்தோம். அவள் முடிவு தப்பு என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். பாசி எடுக்கிறவளுடைய கணக்கு வேறு, இவளுடைய கணக்கு வேறு. இரண்டு பேரிடமும் கேட்டோம், இரண்டு பேரும் தெரிந்து பதில் சொன்னார்கள். என் தொழிலில் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

முழங்காலையும் நெஞ்சையும் தரையில் ஊன்றிப் படுப்பது, அடிவயிற்றில் டார்ச் அடிப்பது, பாட்டுப் போடுவது, சீனாவில் கால் சுண்டுவிரல் ஓரத்தில் மூலிகைச் சூடு காட்டுவது, இவற்றைப் பற்றியெல்லாம் கேட்கிறீர்கள். பிள்ளை திரும்பும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இவற்றுக்கு இல்லை. பாட்டுக் கேட்பதில் தப்பில்லை. அதை நம்பி வாரத்தைக் கழிப்பதில்தான் தப்பு.

திரும்பாமல் சிசேரியன் தேதிக்குக் காத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. தேதிக்கு முன்பே தண்ணீர் உடைந்தால், வலி வரட்டும் என்று வீட்டில் உட்காராதீர்கள். உடனே 108. தீவில் இருக்கிறவர்கள் கடைசி இரண்டு வாரம் முடிந்தால் ராமநாதபுரத்தில் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வது நல்லது. கொடி வெளியே தெரிந்தால் அதைத் தொடாதீர்கள், உள்ளே தள்ளாதீர்கள். முழங்காலில் குப்புறக் கவிழ்ந்து, தலை தாழ்ந்து, பிட்டம் உயர்ந்த நிலையில் இருந்தபடியே வண்டிக்குக் காத்திருங்கள்.

கடைசியாக, பிள்ளை பிறந்த பிறகு எல்லாரும் மறந்துவிடுகிற ஒன்று. கடைசி மாதங்களில் பிட்டம் கீழாக இருந்த பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு குழியில் சரியாக உட்காராமல் போகும் வாய்ப்பு அதிகம். திருப்பிப் பிறந்திருந்தாலும் சரி, சிசேரியனில் பிறந்திருந்தாலும் சரி. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். சீக்கிரம் கண்டால் வாரால் கட்டிவைத்தே சரிசெய்துவிடலாம். நடக்கத் தொடங்கியபின் நொண்டுகிறது என்று கண்டால் அறுவை சிகிச்சை வரை போகும். பிறந்த அன்று மருத்துவர் கால்களை விரித்துப் பார்ப்பது முதல் சோதனை. 6-ஆவது வாரம் இடுப்புக்கு ஒரு ஸ்கேன் எடுப்பது அடுத்தது. அந்த வாரம் பென்டாவேலன்ட் முதல் ஊசிக்கு எப்படியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். "இது திரும்பாமல் இருந்த பிள்ளை, இடுப்பைப் பாருங்கள்" என்று செவிலியரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நேரம் இருக்கிறது, கேள்விகளைக் கேளுங்கள். முன்வரிசையில் சிவப்புச் சேலை கட்டியிருக்கிற அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடமிருந்து ஆரம்பிப்போம்.